மணல் முற்றமும் கைத்திமிசும்: ஆரையம்பதி வீடொன்றில் தாழ்ந்த கல் பதிப்பைத் திருத்திய நிகழ்வு ஆய்வு

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் எழுவான்கரை நிலம் பெரும்பாலும் மணற்பாங்கானது. ஆரையம்பதியில் அத்தகைய மணல் முற்றம் ஒன்றில், கேற்றிலிருந்து விறாந்தை வரை 33 அடி நீளமும் 4 அடி அகலமும் கொண்ட நடைபாதையும், கேற்றை ஒட்டி முச்சக்கர வண்டி நிறுத்துவதற்கு 10 அடிக்கு 10 அடி இடமும் 60 மி.மீ. தடிப்புள்ள இன்டர்லொக் கல்லால் பதிக்கப்பட்டிருந்தன. ஒரே ஒரு மாரி கழிவதற்குள் அந்தத் தளம் மூன்று விதமாகக் கெட்டுப்போனது. நடைபாதையின் குறுக்கே ஏறத்தாழ ஓர் அடி அகலத்தில் ஒரு பட்டை கீழிறங்கி நீர் தேங்கியது. வண்டி நிற்கும் இடத்தில் சில்லுத் தடங்கள் குழிந்தன. கேற்றுப் பக்க விளிம்பில் கற்கள் ஒன்றையொன்று விட்டு வெளிப்பக்கம் நகர்ந்தன. கற்களில் வெடிப்பு எதுவும் இல்லை. அவற்றைக் கிளப்பி அடுக்கிவைத்து, நிலத்தைச் சரிப்படுத்தி, அதே கற்களைத் திரும்பப் பதிப்பது என்றும், வேலையை வீட்டிலுள்ளவர்களும் ஒரு மேசனும் கையாலேயே செய்வது என்றும் வீட்டுக்காரர் முடிவெடுத்தார். அந்த வேலையை முதலிலிருந்து இறுதிவரை உடனிருந்து பார்த்ததன் பதிவே இது.

சேதத்தின் காரணம்

மூன்று சேதங்களுக்கும் ஒரே காரணத்தைச் சொல்லிவிடுவது எளிது: "நிலத்தை ஒழுங்காக இடிக்கவில்லை." ஆனால் கற்களைக் கிளப்பிப் பார்த்தபோது மூன்றுக்கும் மூன்று காரணங்கள் இருந்தன. குறுக்கே தாழ்ந்த பட்டை, உன்னிச்சைக் குளத்து நீரைக் கொண்டுவரும் குடிநீர்த் திட்டத்தின் வீட்டு இணைப்புக் குழாய்க்காக வெட்டி மூடப்பட்ட கானின் (நீள்குழியின்) நேர் மேலே இருந்தது. முனை மழுங்கிய 10 மி.மீ. கம்பியொன்றை நிறுத்தி உடலின் பாரத்தைக் கொடுத்து அழுத்தியபோது, வெட்டப்படாத முற்றத்தில் அது ஓர் அடியளவில் இறுகி நின்றது; கானின் தடத்தில் இரண்டரை அடி வரை தடையின்றி இறங்கியது. வெட்டியெடுத்த மணலை ஒரே மூச்சில் திரும்பத் தள்ளி, மேற்பரப்பை மட்டும் காலால் மிதித்துவிட்டுப் போனதன் விளைவு அது. சில்லுத் தடத்திற்குக் காரணம், கல்லுக்குக் கீழே மணலைத் தவிர வேறு படை எதுவும் இல்லாதது. விளிம்பு நகர்ந்ததற்குக் காரணம் கரைக்கல் வைக்காதது. இதில் இடித்தலுக்குப் பங்கே இல்லை. பக்கத் தாங்கல் இல்லாத மணலை எவ்வளவு இடித்தாலும் அது பக்கவாட்டில் ஒதுங்குமே தவிர இறுகாது என்பதால், இந்த மூன்றாவது குறையே மற்ற இரண்டையும் விட அடிப்படையானது என்பது என் கணிப்பு.

மணலைத் திமிசால் இடித்தால்

வீட்டுக்காரரின் முதல் எண்ணம், கனமான திமிசொன்றை (நிலத்தைக் கையால் இடித்து இறுக்கும் கருவியை) செய்து மணலை நன்றாக இடித்துவிட வேண்டும் என்பதாக இருந்தது. எழுவான்கரையில் பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஒரு மூலையில் இடித்துப் பார்த்தோம். திமிசு விழுந்த இடம் குழிந்தது, அதைச் சுற்றியிருந்த மணல் எழும்பியது. எழும்பிய இடத்தை இடித்தபோது முன்பு குழிந்த இடம் மேலே வந்தது. கரையோர மணலின் பருக்கைகள் ஏறத்தாழ ஒரே அளவானவை, ஒன்றோடொன்று ஒட்டாதவை. பெரிய பருக்கைகளின் இடைவெளியை நிரப்புவதற்குச் சிறிய பருக்கைகள் அதில் போதியளவு இல்லை. அடி விழும் கணத்தில் மேலிருக்கும் சில அங்குல மணல், தன்னை அழுத்திப் பிடிக்க மேலே பாரம் எதுவும் இல்லாததால், பக்கவாட்டில் சரிந்துவிடுகிறது.

இத்தகைய மணலை இறுக்குவது அதிர்வு. கொம்பக்டர் எனப்படும் அதிரும் தட்டு இயந்திரம் மணலில் அவ்வளவு நன்றாக வேலை செய்வதன் காரணம் அதன் எடை அல்ல, நிமிடத்திற்குப் பல ஆயிரம் தடவை அது கொடுக்கும் அதிர்வே. பருக்கைகள் ஒரு கணம் ஒன்றையொன்று விட்டு விலகி, முன்னிலும் நெருக்கமாக அமர்கின்றன. கையால் அந்த வேகத்தைக் கொடுக்க முடியாது. கைவசம் இருக்கும் மாற்று, தண்ணீர். இலேசாக ஈரமான மணலில் பருக்கைகளுக்கிடையே ஒட்டியிருக்கும் நீர்ப்படலம் அவற்றைப் பிடித்து நிறுத்திவைப்பதால், மணல் உப்பி நிற்கிறது. நூற்றுக்கு நான்கு முதல் ஆறு பங்கு ஈரத்தில் மெல்லிய மணல் தன் கன அளவில் கால்பங்கு வரை கூடிவிடக்கூடும். கியூப் கணக்கில் ஈர மணல் வாங்கியவர்களுக்கு இந்த நட்டம் தெரிந்திருக்கும். முற்றாகக் காய்ந்தாலோ முற்றாக நனைந்தாலோ அந்தப் பிடி விட்டுப்போய் மணல் கீழே அமர்கிறது. ஆகவே மணலுக்கு அரைகுறை ஈரந்தான் கூடாது.

குழாய்க் கானைத் திரும்பத் தோண்டி, குழாயின் பக்கங்களில் மணலைக் கையால் ஒதுக்கி, ஏறத்தாழ ஆறு அங்குலத்திற்கு ஒரு படையாகப் போட்டு, ஒவ்வொரு படையையும் ஹோஸ் குழாயால் நீர் மேலே நிற்கும் வரை நனைத்து, நீர் இறங்கிக்கொண்டிருக்கும்போதே அலவாங்கை நெருக்கமாகக் குத்தி அசைத்து எடுத்தார்கள். குழாய்க்கு மேலே ஓர் அடி மணல் நிரம்பும் வரை அலவாங்கைத் தொடக்கூடாது என்பதில் மேசன் கண்டிப்பாக இருந்தார். அதுவரை தண்ணீரும் அலவாங்குக்குப் பதிலாக ஒரு மழுங்கிய தடியுமே பயன்பட்டன. ஓரிடத்தில் வீட்டுக்காரரின் மகன் ஹோஸை நிறுத்திவிட்டு அடுத்த படையைப் போட முனைந்தபோது, "இன்னும் தண்ணி காட்டணும் மனே, மணல் இன்னும் குடிக்குது" என்று மேசன் தடுத்தார். முழுவதும் நிரம்பி நீர் வடிந்த பின் அதே கம்பியால் சோதித்தபோது அது ஒன்றே கால் அடியில் நின்றது. வெட்டப்படாத நிலத்துக்கு முற்றிலும் ஈடாகவில்லை, ஆனால் மிக அருகில் வந்துவிட்டது. தண்ணீர் மட்டும் மணலை அதிர்வு இயந்திரம் கொண்டுவரும் இறுக்கத்திற்குக் கொண்டுவந்துவிடாது என்பதையும் இங்கே சொல்லிவைக்க வேண்டும்.

இந்த முறை மணலுக்கு மட்டும் உரியது. வாவிக்கு மேற்கே, படுவான்கரையின் வயல்சார்ந்த களிமண்ணில் இதைச் செய்தால் சேறுதான் மிஞ்சும். அங்கே களியை வெட்டியெடுத்துவிட்டுக் கிறவலை (சரளை மண்ணை) நிரப்புவதே வழி. அத்திவாரத்தை ஒட்டிய இடத்திலும் இப்படி நீர் பாய்ச்சக்கூடாது.

கருவிகளும் கணக்கும்

மணலுக்கு மேலே, பாதையில் 4 அங்குலமும் வண்டி நிற்கும் இடத்தில் 6 அங்குலமும் கிறவல் போட்டு இறுக்குவதென்று தீர்மானமானது. கிறவல் சிறு கல்லும் மணலும் கொஞ்சம் களியும் கலந்தது, இடித்தால் கட்டும். திமிசுக்கு உண்மையான வேலை இங்கேதான் தொடங்கியது.

மூன்று கருவிகள் செய்யப்பட்டன. முதலாவது, பழைய பெயின்ற் வாளியில் கொங்கிறீட் நிரப்பி நடுவே ஜீ.ஐ. குழாயை நட்டது: அடிமுகம் 10 அங்குல வட்டம், எடை ஏறத்தாழ 15 கிலோ. இரண்டாவது, 6 அங்குலச் சதுர இரும்புத் தகட்டில் குழாயை ஒட்டவைத்து உள்ளே கொங்கிறீட் இறுக்கியது: 9 கிலோ. மூன்றாவது, விழுந்த தென்னையில் வெட்டிய மூன்றடிக் குற்றி. 9 அங்குல விட்டம், இருவர் எதிரெதிரே நின்று தூக்கக் குறுக்குப் பிடிகள், ஏறத்தாழ 30 கிலோ. இவற்றோடு, 200 லீற்றர் பரலில் நீர் நிரப்பி உருட்டும் யோசனையும் வந்தது.

எது சிறந்தது என்ற விவாதம் நெடுநேரம் நடந்ததால், அதைக் கணக்கில் வைத்துப் பார்த்தேன். மண்ணின் இறுக்கத்தை ஆய்வுகூடத்தில் அளக்க உலகெங்கும் பயன்படும் முறையை லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் பொறியியலாளர் ரால்ப் புரொக்டர் 1933 ஆம் ஆண்டில் வெளியிட்டார். இன்று வழங்கும் அதன் நியம வடிவத்தில், இரண்டரைக் கிலோ எடை ஓர் அடி உயரத்திலிருந்து, மூன்று படைகளில் ஒவ்வொன்றின் மீதும் 25 தடவை விழுகிறது. அது ஒரு கன மீற்றர் மண்ணுக்கு ஏறத்தாழ 600 கிலோஜூல் வேலையாகும். இதை முற்றத்துக்கு மாற்றினால், 2 அங்குலத் தடிப்பாக இறுக வேண்டிய படையில் ஒரு சதுர அடிக்குச் சுமார் 2,800 ஜூல் கொடுக்க வேண்டும். 9 கிலோத் திமிசை ஓர் அடி உயரம் தூக்கி விட்டால் ஒரு தடவை விழும்போது 27 ஜூல். ஆகவே அதன் முகம் படும் ஒவ்வொரு இடத்திலும் 26 தடவை இடிக்க வேண்டும். சதுர அடிக்கு 104 தடவை. வாளித் திமிசு கனமானது, ஆனால் யாராலும் அதை 8 அங்குலத்துக்கு மேல் தொடர்ந்து தூக்க முடியவில்லை. ஆகவே ஒரு தடவை விழும்போது கிடைத்தது 30 ஜூல் மட்டுமே. அகலமான முகத்துக்கு ஒவ்வொரு இடத்திலும் 50க்கு மேற்பட்ட தடவை, சதுர அடிக்கு 94. தென்னங்குற்றி ஒரு தடவைக்கு 90 ஜூலை நெருங்கியது. சதுர அடிக்கு 32 தடவை போதும், ஆனால் இரண்டு ஆள் வேண்டும்.

கூட்டிப் பார்த்தால் எந்தக் கருவியாலும் உடலுழைப்பு குறைவதில்லை. நிலம் கேட்கும் வேலை ஒன்றே. அதை ஒருவர் நூறு சிறு அடியாகக் கொடுக்கலாம், இருவர் முப்பது பெரிய அடியாகக் கொடுக்கலாம். கருவி தீர்மானிப்பது வேறொன்றை: ஓர் அடியின் தாக்கம் எவ்வளவு செறிவாக விழுகிறது, எவ்வளவு ஆழம் போகிறது என்பதை. ஏறத்தாழ ஒரே அளவு வலு 6 அங்குலச் சதுரத்தில் விழுவதற்கும் 10 அங்குல வட்டத்தில் பரந்து விழுவதற்கும் உள்ள வேறுபாடு, கையால் தொட்டாலே தெரிந்தது. வாளித் திமிசு மேலே பளபளப்பாக மெழுகியது. கம்பியால் கிளறினால் கீழே உதிரியாக இருந்தது. இரும்புத் தகடு இல்லாத அதன் கொங்கிறீட் விளிம்பும் விரைவில் உடைந்தது. இணையத்திலும் அயலிலும் அதிகம் பரிந்துரைக்கப்படும் கருவி இந்த வாளிதான்; அதன் ஒரே சிறப்பு, செலவில்லாமல் செய்யலாம் என்பது.

பரல் உருளையும் அப்படித்தான். 200 கிலோ என்றதும் பெரிதாகத் தோன்றினாலும், அந்தப் பாரம் மூன்றடிக்குச் சற்றுக் குறைந்த நீளத்தில் பரவுவதால் சென்ரிமீற்றருக்கு இரண்டேகால் கிலோதான் கிடைக்கிறது. உதிரிக் கிறவலின் மேல் தள்ளியபோது பரலின் முன்னே மண் அலையாகக் குவிந்து, இருவர் தள்ளியும் நகராமல் நின்றது. இடித்து முடித்த பரப்பை ஒருதரம் சமப்படுத்துவதற்கு மட்டும் அதைப் பயன்படுத்தினார்கள்.

மொத்தப் பரப்பு 232 சதுர அடி. பாதையில் இரண்டு படை, வண்டி நிற்கும் இடத்தில் மூன்று படை என்று வைத்துச் சதுரத் திமிசால் மட்டும் முழுக் கணக்கையும் கொடுப்பதானால் ஏறக்குறைய 58,700 தடவை இடிக்க வேண்டிவரும். நிமிடத்திற்கு 30 தடவை வீதம் ஒருவருக்கு முப்பது மணித்தியாலத்தைத் தாண்டும். இந்த எண்ணைக் கேட்ட பிறகே வேலை பகுக்கப்பட்டது. வண்டி நிற்கும் இடத்தின் திறந்த பரப்புக்குத் தென்னங்குற்றி, கரையோரங்களுக்குச் சதுரத் திமிசு, முழுக் கணக்கு. ஆள் மட்டும் நடக்கும் பாதைக்குச் சதுரத் திமிசால் ஒவ்வொரு இடத்திலும் 13 தடவை, அதாவது பாதிக் கணக்கு. வேலையைப் பாதியாக்கினால் இறுக்கம் பாதியாவதில்லை. நூற்றுக்குச் சில பங்கே குறைகிறது. முதற் சில அடிகளே அதிகம் இறுக்குகின்றன, பின்னைய அடிகளின் பயன் படிப்படியாகக் குறைகிறது. நடைபாதை அந்தக் குறையைத் தாங்கும். என்னைக் கேட்டால், வண்டி நிற்கும் இடத்துக்கு மட்டுமாவது ஒரு நாளைக்குக் கொம்பக்டரை வாடகைக்கு எடுத்திருப்பது நல்லது. நூறு சதுர அடிக்கு மேல், அதுவும் சில்லுப் பாரம் வரும் இடத்தில், கைத்திமிசை நம்புவது ஆட்களின் பொறுமையை நம்புவதாகும். மாலை நேரத்தில் விழும் அடி காலையில் விழும் அடியின் உயரத்தில் இருப்பதில்லை.

படையின் தடிப்பும் ஈரமும்

கையால் இடிப்பவர்கள் அதிகம் தவறுவது படையின் தடிப்பில். ஆறு அங்குலக் கிறவலை ஒரேயடியாகக் கொட்டி மேலே இடித்தால், மேல் இரண்டு அங்குலம் கல் போலாகும், கீழே உள்ளது அப்படியே இருக்கும், மேற்பரப்பின் கடினம் எல்லோரையும் ஏமாற்றும். எனவே கரைக்கற்களை முதலில் கொங்கிறீட்டில் நாட்டி, அவற்றின் உட்பக்கத்தில் 2 அங்குலத்துக்கு ஒரு கோடாகச் சுண்ணக்கட்டியால் கீறிவிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் உதிரியாக இரண்டரை அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் கிறவலை விரித்து, அது இரண்டு அங்குலக் கோட்டுக்கு இறங்கும் வரை இடிப்பது என்பது விதி. இறங்கவில்லையென்றால் ஒன்று அடி போதாது, அல்லது ஈரம் பிழை. இந்தக் கோடு முழு வேலையிலும் மிகவும் மலிவான சோதனைக் கருவியாக அமைந்தது. ஒன்றரை அங்குலத்தை விடப் பெரிய கற்கள் பொறுக்கி ஒதுக்கப்பட்டன. மெல்லிய படையில் அவை திமிசைத் தாங்கிப் பிடித்துச் சுற்றியுள்ள மண்ணை இறுகவிடாமல் செய்யும்.

ஈரத்துக்கு எல்லோருக்கும் தெரிந்த கைப்பிடிச் சோதனை. ஒரு பிடி கிறவலை இறுக்கிப் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும். இடுப்புயரத்திலிருந்து விட்டால் இரண்டு மூன்று துண்டாக உடைய வேண்டும். பொடியாக உதிர்ந்தால் நீர் குறைவு, சப்பளிந்து ஒட்டினால் அதிகம். மணலுக்கு ஆகாத நடுத்தர ஈரமே கிறவலுக்கு உகந்தது என்பதை வீட்டிலுள்ளவர்கள் முதலில் ஏற்கவில்லை. கானில் நீர் பாய்ச்சி நல்ல பலன் கண்டவர்கள் கிறவலுக்கும் ஹோஸைத் திருப்பினார்கள். நனைந்த அந்தப் பகுதி திமிசின் கீழ் இறப்பர் போலத் துள்ளியது. இடைவெளிகளை நீர் நிரப்பிவிட்டால் அது வெளியேற நேரம் வேண்டும். அதற்குள் விழும் அடிகள் வீண். அந்தப் பகுதியைக் கிளறி ஒரு வெயில் காய விட்டுத் திரும்ப இடித்தார்கள். வேலை ஆவணி மாத வெயிலில் நடந்ததால் அதன் பின் எதிர்ப்பிரச்சினையே வந்தது. விரித்த கிறவல் இடித்து முடிவதற்குள் காய்ந்தது. பூவாளியால் தெளிப்பதும், ஒரு நேரத்தில் இடிக்கக்கூடிய அளவை மட்டும் விரித்து மீதியைப் படங்கால் மூடிவைப்பதும் அதற்குப் பரிகாரமாயின.

கிறவல் மணலுக்குள் இறங்கிவிடாமலிருக்கப் பொலித்தீன் விரிக்கலாமா என்ற கேள்வி எழுந்தது. பொலித்தீன் மழை நீரைக் கிறவலுக்குள்ளேயே நிறுத்திவைக்கும். மாரியில் அது கிறவலைக் களியாக்கும். நீர் விடும் பழைய உரப்பைகளைப் பிரித்து விரித்தார்கள். அவை நெடுங்காலம் நிற்குமா என்பதை விட, இடிக்கும் நேரத்தில் முதற்படையை மணலிலிருந்து பிரித்துவைத்ததே அவற்றின் பயன்.

இறுதிச் சோதனைக்கு முச்சக்கர வண்டியே கருவியானது. இடித்து முடிந்த கிறவலின் மேல் நான்கு ஆட்களுடன் வண்டியை மிக மெதுவாக ஓட்டி, ஒருவர் குந்தியிருந்து சில்லின் அடியைக் கவனித்தார். சில்லின் கீழ் மண் அமிழ்ந்து மீண்டும் எழுந்த ஓரிடம் கேற்றின் வலப் பக்கத்தில் அகப்பட்டது. கிண்டியபோது முன்பு வெட்டிய தென்னையின் உக்கிய அடிவேர்த் திரள் கையோடு வந்தது. அதை முற்றாக அகற்றி, குழியைக் கிறவலால் படை படையாக நிரப்பினார்கள். எழுவான்கரை முற்றங்களில் முன்பு வெட்டிய தென்னைகள் நின்ற இடத்தைக் கேட்டறியாமல் கல் பதிக்கத் தொடங்கக்கூடாது.

கல் பதித்தல்

இதில் சொல்லக் குறைவு. இரண்டு ஜீ.ஐ. குழாய்களைத் தண்டவாளமாக வைத்து, ஒன்றேகால் அங்குலத் தடிப்பில் ஆற்றுமணலை இடிக்காமல் இழுத்துச் சமப்படுத்தி, ஐந்து அடிக்கு ஓர் அங்குலச் சரிவு வீதிப் பக்கம் இருக்குமாறு கற்களை அடுக்கினார்கள். கடல் மணல் உப்புப் பூக்கும் என்பதால் தவிர்க்கப்பட்டது. அடுக்கிய கற்களின் மேல் தடித்த பலகையைக் கிடத்தி, அதன் மேல் சதுரத் திமிசைப் போட்டார்கள்; திமிசு நேரே கல்லில் பட்டால் முனை உடையும். மூட்டுகளில் காய்ந்த மெல்லிய மணலைக் கூட்டி நிரப்பி, திரும்பத் தட்டி, திரும்ப நிரப்பினார்கள். சில்லு ஏறும் இடத்துக்கு 80 மி.மீ. கல்லே பொருத்தமானது, இருந்த கல்லையே பயன்படுத்த வேண்டியிருந்ததாலும் வண்டி இலேசானது என்பதாலும் 60 மி.மீ. கல்லோடு விடப்பட்டது.

மாரிக்குப் பின்

பதித்த நாளில் சுவரிலும் கேற்றுத் தூணிலும் அடையாளமிட்டு, அவற்றுக்கிடையே நூல் கட்டி, குறிப்பிட்ட கற்கள் நூலிலிருந்து எவ்வளவு கீழே உள்ளன என்று எழுதி வைக்கப்பட்டிருந்தது. வடகீழ்ப் பருவமழை ஓய்ந்த பின் தை மாதத்தில் அதே நூலைக் கட்டி அளந்தபோது, குழாய்க் கானின் மேல் 3 மி.மீ. இறக்கம் இருந்தது, கண்ணுக்குத் தெரியாது, நீரும் தேங்கவில்லை. பாதிக் கணக்கில் இடித்த நடைபாதையின் ஏனைய பகுதி அசையவில்லை. கரைக்கற்கள் நகரவில்லை. வேர்த் திரள் எடுத்து நிரப்பிய இடமும் நின்றது.

வண்டியின் பின்சில்லு நிற்கும் ஓரிடத்தில் மட்டும் 9 மி.மீ. இறங்கியிருந்தது. அங்கே ஆறு கற்களைக் கிளப்பினோம். கிறவல் கல் போல இறுகியிருந்தது, கம்பி இறங்கவில்லை. அதன் மேலிருந்த ஆற்றுமணல் இரண்டேகால் அங்குலத் தடிப்பு. கடைசிப் படை கோட்டுக்குக் கீழே நின்ற அந்த மூலையில், கிறவலைச் சேர்த்து இடிப்பதற்குப் பதிலாக மேல் மணலைக் கூட்டி மட்டம் பிடித்திருக்கிறார்கள். மணலை அள்ளி, கிறவலின் முகத்தை அலவாங்கால் கொத்திச் சொரசொரப்பாக்கி, நனைத்து, ஓர் அங்குலம் சல்லடையிட்ட கிறவலை இடித்துச் சேர்த்து, மணலைப் பழைய தடிப்புக்குக் கொண்டுவந்து, ஆறு கற்களையும் அன்றே திரும்பப் பதித்தார்கள்.